ஒரே கை, மூன்று எண்கள்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் காலையில் மருத்துவமனையில் பிரஷர் பார்த்தால் 152க்கு 94 என்கிறார்கள். மனம் கேட்காமல் திரும்பும் வழியில் மருந்துக்கடையில் பார்த்தால் 141க்கு 88. மாலையில் வீட்டுக் கருவியில் 129க்கு 82. ஒரே நாள், ஒரே ஆள், ஒரே கை. இந்த மூன்றில் முதல் எண்ணை நம்பினால் அவருக்கு மாத்திரை தொடங்க வேண்டியிருக்கும். கடைசி எண்ணை நம்பினால் உப்பைக் குறைத்து நடைப்பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பிவிடலாம். குடும்பங்களில் உடனே எழும் கேள்வி, எந்த மிஷின் கெட்டுப்போயிருக்கிறது என்பதுதான். மூன்றுமே நன்றாக வேலை செய்திருக்கலாம் என்பது பலருக்கும் தோன்றாத பதில். ஒவ்வொரு கருவியும் அந்தக் கணத்தில், அந்தக் கையில், அந்தப் பட்டைக்கு அடியில் இருந்த அழுத்தத்தைச் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். வேறுபட்டது அளந்த விதம். இரத்த அழுத்தம் என்ற எண், அதை அளக்கும் முறையைச் சேர்த்துத்தான் பொருள் பெறுகிறது என்பதும், அந்த முறையைக் கையில் வைத்திருக்கும் நர்ஸும் மருத்துவ உதவியாளரும் செய்வது மருத்துவரின் அறைக்கு வெளியே முடிக்கவேண்டிய சில்லறை வேலை ஆகாது, நோயறிதலின் மையமே அதுதான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இதயம் சுருங்கும்போது இரத்தம் தமனிகளுக்குள் தள்ளப்படுகிறது. தமனிச் சுவரின் மேல் அது கொடுக்கும் அழுத்தம் அப்போது உச்சத்தைத் தொடுகிறது. இதை மேல் எண் என்கிறோம். மருத்துவத்தில் சிஸ்டாலிக், தமிழில் சுருங்கழுத்தம். இதயம் தளர்ந்து விரியும்போது அழுத்தம் இறங்கி நிற்கும் இடம் கீழ் எண். டயஸ்டாலிக் அல்லது விரிவழுத்தம். இவ்விரண்டும் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பவை அல்ல. மூச்சு உள்ளே போகையில் ஓர் அளவு, வெளியே வருகையில் ஓர் அளவு. தூக்கத்தில் தாழும், படியேறினால் உயரும், கோபம் வந்தால் எகிறும். இதை முதன்முதலில் நேரடியாகக் கண்ணால் காணச் செய்தவர் ஸ்டீவன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு பெண் குதிரையைக் கட்டிப்போட்டு, அதன் தொடைத் தமனிக்குள் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் எட்டடி மூன்றங்குல உயரத்துக்கு ஏறி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கியபடி நின்றது. 1733இல் அவர் வெளியிட்ட இந்தக் குறிப்பில் கவனிக்கவேண்டிய ஒரு சொற்றொடர் உண்டு: அந்த எட்டடி மூன்றங்குலத்தை அவர் தரையிலிருந்தோ குழாய் செருகிய இடத்திலிருந்தோ கணக்கிடவில்லை, குதிரையின் இதய மட்டத்திலிருந்து கணக்கிட்டார். எங்கிருந்து அளக்கிறோம் என்பதும் அளவின் ஒரு பகுதி என்ற அறிவு முதல் சோதனையிலேயே இருந்தது. இன்னொன்றும் உண்டு. அந்த உயரத்தை இன்றைய அளவுக்கு மாற்றினால் பாதரச மில்லிமீட்டரில் 190க்கு மேல் வரும். கட்டிப்போடப்பட்டு மிரண்டிருந்த ஒரு விலங்கின் அழுத்தம் அது.

ஒன்பதடிக் கண்ணாடிக் குழாயை நோயாளியிடம் கொண்டுபோக முடியாது. தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தைக் குழாய்க்குள் வைத்தால் அதே அழுத்தம் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும் என்று 1828இல் பிரான்ஸின் புவாசேய் செய்து காட்டினார். அளவுக்கு இன்றும் பாதரச மில்லிமீட்டர் என்று பெயர் இருப்பது அதனால்தான். ஆனால் அதற்கும் தமனியை வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. தோலைக் கீறாமல் அளக்க வழி கண்டவர் இத்தாலியின் டூரின் நகர மருத்துவர் ஷிபியோனே ரிவா-ரோச்சி. 1896இல் அவர் செய்தது எளிய தந்திரம்: மேற்கையைச் சுற்றி ஒரு ரப்பர் குழாயைக் கட்டிக் காற்றடைத்தார். காற்றின் அழுத்தம் தமனியின் அழுத்தத்தை மிஞ்சியதும் தமனி நசுங்கி மூடிக்கொள்ளும், மணிக்கட்டில் நாடி நின்றுவிடும். காற்றை மெல்ல இறக்கும்போது நாடி மறுபடி தட்டுப்படும் இடத்தில் பாதரசம் எங்கே நிற்கிறதோ அதுவே மேல் எண். உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியே இருந்து சமன்செய்து கண்டுபிடிக்கும் இந்த யோசனைதான் கஃப் என்று நாம் சொல்லும் பட்டையின் பிறப்பு. அவருடைய பட்டை ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் அகலமே இருந்தது. அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று 1901இல் ஃபான் ரெக்லிங்ஹவுசன் கண்டு, அகலத்தை இரண்டு மடங்குக்கும் மேலாக்கினார். பட்டையின் அளவு எண்ணை மாற்றும் என்பது, ஆக, 120 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி.

நாடியைத் தொட்டுப் பார்த்தால் மேல் எண் மட்டுமே கிடைக்கும். கீழ் எண்ணைத் தந்தது காது. ரஷ்ய அறுவை மருத்துவர் நிகொலாய் கொரோட்கோவ், போரில் தமனி காயப்பட்ட வீரர்களைக் கவனித்தவர். எந்த நாளத்தைக் கட்டினால் கை கால் பிழைக்கும் என்று அறிய, தமனிகளின் மேல் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. பட்டையை இறுக்கித் தளர்த்தும்போது முழங்கை மடிப்பில் அவர் ஒன்றைக் கவனித்தார். தமனி முழுக்க மூடியிருக்கையில் சத்தமே இல்லை. காற்று இறங்கி, ஒவ்வொரு துடிப்பின் உச்சத்திலும் தமனி ஒரு நொடித்துண்டு திறந்து மூடத் தொடங்கியதும் தட்டுவதுபோல ஓர் ஒலி எழுகிறது. பட்டை இன்னும் தளர்ந்து, தமனி எப்போதும் திறந்தே இருக்கும் நிலை வந்ததும் ஒலி அடங்கிவிடுகிறது. முதல் ஒலி மேல் எண், ஒலி மறையும் இடம் கீழ் எண். 1905இல் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் குறிப்பாக அவர் இதைச் சொன்னார். நல்ல நிலையில் ஓடும் தமனி சத்தம் போடாது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பது இதயத்தின் ஒலி என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது தவறு. அது நாமே நசுக்கி வைத்த தமனியின் ஒலி. எனவே நசுக்கும் விதம் மாறினால் ஒலி தோன்றும் இடமும் மாறும்.

பயிற்சி பெறும் உதவியாளரிடம் சொல்லப்படும் சில விதிகள் வெறும் சடங்காகத் தோன்றுவதற்குக் காரணம் இந்தப் பின்னணி சொல்லப்படாததுதான். காற்றை நொடிக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வீதமே இறக்க வேண்டும் என்பது ஒரு விதி. நிமிடத்துக்கு அறுபது முறை துடிக்கும் இதயம் நொடிக்கு ஒரு முறைதான் ஒலி தரும். நொடிக்கு 10 வீதம் இறக்கினால் இரண்டு ஒலிகளுக்கு நடுவே 10 மில்லிமீட்டர் நழுவிப் போயிருக்கும். முதல் ஒலி என்று நாம் கேட்டது உண்மையான தொடக்கத்துக்கு வெகு கீழே இருக்கலாம். ஸ்டெதாஸ்கோப் வைப்பதற்கு முன்பு நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றடித்து, நாடி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு அதற்கு மேல் 20 அல்லது 30 வரை ஏற்றிக் கேட்க வேண்டும் என்பது இன்னொரு விதி. சிலருக்கு, குறிப்பாகத் தமனி இறுகிய முதியவர்களுக்கு, ஒலி தோன்றி, நடுவே சிறிது தூரம் காணாமல் போய், மீண்டும் கேட்கும். இந்த ஒலி இடைவெளிக்குள் காற்றடிப்பதை நிறுத்திவிட்டால், இரண்டாவது தொடக்கத்தையே முதல் ஒலியென்று நம்பி, 180 இருப்பவரை 140 என்று எழுதிவிட நேரும். நாடியைத் தொடும் விரல் அந்தப் பொறியில் சிக்காது. ஒரு நிமிடமும் செலவாகாத இந்தப் படி அவசரத்தில் முதலில் விடுபடுவதுதான் வருத்தம்.

இனி பட்டைக்கு வருவோம், ஏனென்றால் மிகப் பெரிய பிழை அங்கேதான் நுழைகிறது. பட்டைக்குள் இருக்கும் காற்றழுத்தம் பட்டையின் நடுப்பகுதிக்கு அடியில்தான் முழுமையாகத் தசைக்குள் இறங்கும். ஓரங்களில் அது கரைந்துவிடும். கை பெருத்து, பட்டை சிறிதாக இருந்தால், ஆழத்தில் இருக்கும் தமனியை மூட உண்மையில் தேவையானதைவிடக் கூடுதல் காற்று வேண்டியிருக்கும். அந்தக் கூடுதலைக் கருவி நோயாளியின் கணக்கில் எழுதுகிறது. இதனால்தான் பட்டைக்குள் இருக்கும் காற்றுப் பையின் நீளம் மேற்கையின் சுற்றளவில் ஏறத்தாழ 80 சதவீதமும், அகலம் 40 சதவீதமும் இருக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்திருக்கிறார்கள். 2023இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 195 பேரிடம் வெவ்வேறு அளவுப் பட்டைகளைக் கட்டி இதைச் சோதித்தார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக 19.5 கூடுதலாக வந்தது. பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு 4.8 கூடியது. ஒல்லியான கைக்கு அதே பட்டையைக் கட்டியபோது 3.6 குறைந்தது. பருத்த கை உடையவர் இல்லாத நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார், மெலிந்த கை உடையவரின் நோய் மறைகிறது. ஒரே ஒரு பட்டையை மேசையில் வைத்திருக்கும் கிளினிக்கில் இது நாள்தோறும், அவரவர் கைக்கேற்ப எப்போதும் ஒரே திசையில் நிகழ்கிறது.

கையை எங்கே வைக்கிறோம் என்பது அடுத்தது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் மேல்மாடிக் குழாயில் சன்னமாகவும் தரைத்தளக் குழாயில் வேகமாகவும் விழுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தொட்டி ஒன்றுதான், குழாய் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நீரின் கனமும் சேர்ந்து அழுத்துகிறது. உடலிலும் இதுவே நடக்கிறது. பட்டை கட்டிய இடம் இதய மட்டத்துக்குக் கீழே போகப்போக, இடைப்பட்ட இரத்தத்தின் கனமும் அளவில் சேரும்; பத்து சென்டிமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 7 அல்லது 8 மில்லிமீட்டர் கூடும், உயர்த்தினால் அதே அளவு குறையும். இது தாளில் போட்ட கணக்கு. 2024இல் 133 பேரிடம் செய்த ஆய்வு இதை மனிதர்களிடம் சரிபார்த்தது. மேசையில் தாங்கி வைத்த கையோடு ஒப்பிட்டால், கையை மடியில் வைத்தபோது மேல் எண் சராசரியாக 3.9 கூடியது, பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 கூடியது. மடிக்கும் தொங்கலுக்கும் உள்ள உயர வேறுபாடு எண்களில் அப்படியே தெரிகிறது. பட்டையின் நடுப்பகுதி நெஞ்சின் நடு உயரத்தில் இருக்க வேண்டும், கையை மேசை தாங்க வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் இருப்பது இவ்வளவு எளிய இயற்பியல். நோயாளியே கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாலும் பயனில்லை, தசை இறுகும் உழைப்பே அழுத்தத்தைச் சற்று உயர்த்தும். காலை மேலே போட்டு உட்கார்வது, முதுகுக்குச் சாய்வில்லாத ஸ்டூலில் உட்கார்வது, சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டிவிடுவது எல்லாம் இதே வரிசையில் வருபவை.

உடலின் நிலையைவிட நுட்பமானது மனத்தின் நிலை. இத்தாலியின் ஜியூசெப்பே மன்ச்சியாவும் அவர் குழுவினரும் 1983இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையின் மிக அழகிய சோதனைகளில் ஒன்றாகக் கருதுகிறேன். மருத்துவமனையில் இருந்த 48 பேரின் தமனிக்குள்ளேயே மெல்லிய குழாய் வைத்து, இரவும் பகலும் அழுத்தம் தொடர்ந்து பதிவாகிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் ஒரு மருத்துவர் உள்ளே வந்து வழக்கம்போல் பட்டை கட்டி அளந்தார். அவர் வந்த சில நிமிடங்களுக்குள்ளேயே, தமனிக்குள் இருந்த அழுத்தம் உச்சத்தில் சராசரியாக 27க்கு 15 உயர்ந்தது. பட்டையின் பிழை என்று இதைத் தள்ள முடியாது, தமனிக்குள்ளேயே நடந்த உண்மையான உயர்வு இது. சில ஆண்டுகள் கழித்து அதே குழு, மருத்துவருக்குப் பதில் நர்ஸை அனுப்பிப் பார்த்தது. உயர்வு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மருத்துவரைக் கண்டால் ஏறும் இந்த அழுத்தத்தை வெள்ளை அங்கி உயர்வு என்று அழைக்கிறார்கள். உதவியாளரோ நர்ஸோ அளப்பது மருத்துவரின் நேரத்தை மிச்சப்படுத்துவதற்கான ஏற்பாடு என்றே நினைத்துப் பழகிவிட்டோம். பல நோயாளிகளிடம் அவர்கள் அளப்பதே உண்மைக்கு நெருக்கமானது என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்த பிறகு அளக்க வேண்டும், அளக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது என்ற விதிகளும் இதிலிருந்தே வருகின்றன. “என்னம்மா, மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?” என்று அன்போடு கேட்டுக்கொண்டே காற்றடிப்பவர், பதில் சொல்லும் அம்மாவின் அழுத்தத்தைப் பல மில்லிமீட்டர் ஏற்றிவிடுகிறார். கேள்வியைப் பட்டை கழற்றிய பிறகு கேட்கலாம்.

நாலு ஐந்து மில்லிமீட்டருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்ற மறுப்பு நியாயமானது. ஒரே ஒரு நோயாளியின் ஒரே ஒரு நாளைப் பார்த்தால் அது பெரிதில்லைதான். ஆனால் இரத்த அழுத்தத்தின் தீங்கு படிக்கட்டுபோல ஓர் இடத்தில் தொடங்குவதில்லை. 2002இல் 61 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த பத்து லட்சம் பேரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, 115க்கு 75 என்ற தாழ்ந்த நிலையிலிருந்தே அபாயம் ஏறத் தொடங்குவதும், நடுவயதில் மேல் எண் ஒவ்வொரு 20 கூடும்போதும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ இரட்டிப்பாவதும் தெரிந்தது. வழக்கமான மேல் எண் வெறும் 2 குறைந்திருந்தாலே பக்கவாத இறப்பு 10 சதவீதம் அளவுக்குக் குறைந்திருக்கும் என்றும் அதே ஆய்வு கணக்கிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. பிழைகளில் இரண்டு வகை. ஒருமுறை கூடியும் மறுமுறை குறைந்தும் வரும் பிழையைப் பலமுறை அளந்து சராசரி எடுத்துக் களைந்துவிடலாம். சிறிய பட்டை, தொங்கும் கை, பேச்சு, அவசரம் ஆகியவை தரும் பிழைகளோ பெரும்பாலும் மேல்நோக்கியே போகும். அவற்றைப் பத்து முறை அளந்தாலும் சராசரி சரியாகாது, ஒவ்வொரு முறையும் அதே தவறு உறுதியாகும். சில நேரம் நாலு தவறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே கையில் அமர்ந்துவிடும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 23 மில்லிமீட்டர் இடைவெளிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

முறைக்கும் எண்ணுக்கும் உள்ள இந்தப் பிணைப்பு மிகப் பெரிய ஆய்வுகளைக்கூடச் சிக்கலில் வைத்திருக்கிறது. 2015இல் அமெரிக்காவில் முடிந்த ஸ்ப்ரின்ட் ஆய்வில் 9,361 பேர் இருந்தார்கள். மேல் எண்ணை 140க்குக் கீழே வைத்தால் போதுமா, 120க்குக் கீழே இறக்க வேண்டுமா என்பது கேள்வி. 120க்குக் கீழே இறக்கியவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை கால்பங்கு குறைந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் அந்த 120 எப்படிக் கிடைத்த எண் என்பது பின்தங்கிவிட்டது: ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து எடுத்த சராசரி அது. நெரிசலான ஓ.பி.யில் நின்றபடி கை நீட்டியவரின் 132, முறைப்படி அளந்திருந்தால் 120ஆகவே இருந்திருக்கலாம். அவருக்கு ஆய்வின் இலக்கை எட்டவேண்டி மேலும் ஒரு மாத்திரை சேர்த்தால், தலைசுற்றலும் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடுதலாகக் கிடைக்கும். ஸ்ப்ரின்டிலேயே தீவிரமாக அழுத்தத்தைக் குறைத்தவர்களிடம் இவை அதிகமாகத்தான் இருந்தன. ஆய்வின் எண்ணை எடுத்துக்கொண்டு ஆய்வின் முறையை விட்டுவிடுவது அறிவியலைப் பின்பற்றுவது ஆகாது.

டிஜிட்டல் கருவி வந்த பிறகு இந்தக் கவலை எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. பாதரசத்தின் நச்சுத்தன்மை காரணமாக, 2013இல் நாடுகள் ஏற்ற மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் பாதரசக் கருவிகள் படிப்படியாக விலகுகின்றன. பெரும்பாலான இடங்களில் இப்போது பொத்தானை அழுத்தினால் போதும். இக்கருவிகள் கொரோட்கோவின் ஒலியைக் கேட்பதில்லை. பட்டை தளரும்போது தமனியின் துடிப்பு பட்டைக்குள் இருக்கும் காற்றில் சிறு அலைவுகளை உண்டாக்கும். அந்த அலைவு எங்கே மிகப் பெரிதாக இருக்கிறதோ அது சராசரி அழுத்தம். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அதிலிருந்து கணக்குப் போட்டு ஊகிக்கிறது கருவி. அந்தக் கணக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு, பெரும்பாலும் வெளியே சொல்லப்படாதது. அதனால்தான் ஒரு கருவியை நம்புவதற்கு முன் குறைந்தது 85 பேரிடம் தேர்ந்த காதுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும் என்று 2018இல் பன்னாட்டு நெறிமுறை வகுத்தார்கள். சோதிக்கப்பட்ட கருவி நல்ல உதவிதான், மறுப்பதற்கில்லை. காது மந்தமான தவறை அது நீக்குகிறது. 2 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு உள்ள அளவுகோலில் ஐந்தில் ஒரு பங்கு எண்களே பூஜ்யத்தில் முடிய வேண்டும் என்றிருக்க, 130, 140, 150 என்று வட்டமாகவே எழுதிக்கொண்டிருந்த கையின் சாய்வையும் அது நீக்குகிறது. இந்தச் சாய்வைத் தடுக்கவென்றே 1963இல் பூஜ்யத்தின் இடத்தை மறைத்து மாற்றிக்கொண்டே இருக்கும் தனிக் கருவி ஒன்றைச் செய்தார்கள் என்றால், அது எவ்வளவு பரவலாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம். ஆனால் பட்டை சிறிதா, கை தொங்குகிறதா, ஆள் இப்போதுதான் படியேறி வந்தாரா என்பதெல்லாம் எந்தப் பொத்தானுக்கும் தெரியாது. நாடி ஒழுங்கின்றித் துடிப்பவரிடம் கருவியின் ஊகமே தடுமாறும். அப்படிப்பட்டவருக்கு மூன்று முறை அளந்து பார்ப்பதும், வேண்டுமானால் ஸ்டெதாஸ்கோப்புக்குத் திரும்புவதும் நாடியை விரலால் தொட்டுப் பார்த்தவருக்கே தோன்றும். கருவி ஒரே ஒரு படியைத்தான் மனிதரிடமிருந்து எடுத்துக்கொண்டது, மீதி எல்லாம் இன்னும் அவர் கையில்தான்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: நேரம் எங்கே? காலை ஓ.பி.யில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கையில் ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் உட்காரவைப்பது நடக்கிற காரியமா? ஐந்து நிமிடக் காத்திருப்பு ஏற்கெனவே வரிசையில் கழிகிறது என்பது என் பதில். அதை நின்றபடி கழிப்பதா, சாய்வுள்ள நாற்காலியில் கழிப்பதா என்பது இருக்கை போடும் விதத்தைப் பொறுத்தது. எல்லோருக்கும் மும்முறை அளக்கவும் வேண்டாம். முதல் அளவு 130க்கு 85க்குக் கீழே இருந்தால் மறுபடி அளக்கத் தேவையில்லை என்று 2020இல் பன்னாட்டு உயர் இரத்த அழுத்தக் கழகமே சொல்லியிருக்கிறது. மூன்று அளவுப் பட்டைகளை ஆணியில் மாட்டி வைக்க நேரம் செலவாகாது. நேரத்தைவிடப் பெரிய குறை பயிற்சியில் இருப்பதாகவே சான்றுகள் காட்டுகின்றன. அமெரிக்காவில் 37 மாநிலங்களைச் சேர்ந்த 159 மருத்துவ மாணவர்களிடம் 11 படிகள் கொண்ட அளக்கும் முறையைச் செய்து காட்டச் சொன்னார்கள். எல்லாப் படிகளையும் சரியாகச் செய்தவர் ஒரே ஒருவர். சராசரியாக நாலு படிகளே சரியாக இருந்தன. அங்கே ஓ.பி. நெரிசல் இல்லை, அவசரம் இல்லை. ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டுப் பிறகு எவரும் திரும்பிப் பார்க்காத திறன் அப்படித்தான் தேயும். ஊசி போடுவதைச் சரிபார்க்கிறோம், மருந்து அளவைச் சரிபார்க்கிறோம். பிரஷர் பார்ப்பதை மட்டும் தானாக வந்துவிடும் என்று விட்டுவிட்டோம்.

மருத்துவமனைக்கு வெளியே அளக்கும் முறை விரிந்து வருவது இதில் நல்ல மாற்றம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மன்ச்சியாவின் ஆய்வை அறிந்தவருக்கு இதன் அருமை இரட்டிப்பாகத் தெரியும்: தெரிந்த முகம், சொந்தத் திண்ணை, வெள்ளை அங்கி இல்லை. மருத்துவமனையில் இயல்பாக இருந்து வீட்டிலும் வேலையிலும் ஏறிவிடும் மறைந்த உயர் அழுத்தமும் இப்படித்தான் பிடிபடும். அதன் அபாயம் எங்கும் உயர்ந்தே இருக்கும் அழுத்தத்துக்கு வெகுவாகக் குறைந்ததில்லை. வீட்டில் தாமே அளப்பவர்களுக்கும் முறை உண்டு. ஒரு வாரம், முடியாவிட்டால் மூன்று நாளாவது, காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுக்க வேண்டும். அந்தச் சராசரி 135க்கு 85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் அழுத்தம். தொடக்கத்தில் சொன்னவரின் 129க்கு 82 இந்த எல்லைக்குக் கீழே இருந்தாலும், ஒரே ஒரு மாலையின் எண் அது. அவருக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று இப்போதைக்கு எவராலும் சொல்ல முடியாது. இன்னும் சரியாக அளக்கப்படவில்லை என்பதே அவரைப்பற்றிய நேர்மையான மருத்துவக் குறிப்பு.

அந்தக் குறிப்பு நோட்டில் எப்படி எழுதப்படுகிறது என்பதில் உதவியாளரால் உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 146/90 என்று மட்டும் எழுதினால் அடுத்த மாதம் அதைப் பார்க்கும் மருத்துவருக்கு அது வெறும் எண். 146/90, வலக்கை, பெரிய பட்டை, உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து, இரண்டாவது அளவு என்று எழுதினால், அடுத்த மாதத்தின் 138ஐ அதோடு ஒப்பிட முடியும். மாத்திரை வேலை செய்ததா, பட்டை மாறியதா என்று பிரித்தறிய முடியும். எந்தக் கை என்பது சிறு விவரம்போலத் தோன்றலாம். முதல் முறை வருபவருக்கு இரு கைகளிலும் அளந்து, கூடுதலாக இருக்கும் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்த வேண்டும் என்பது நெறிமுறை. இரு கைகளுக்கும் இடையே 15 அல்லது அதற்கு மேல் வேறுபாடு இருந்தால் அதுவே தமனி அடைப்பின் தடயமாக இருக்கலாம், மருத்துவரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டியது. எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறது என்று சொல்லும் முதியவருக்கு, உட்கார்ந்து ஒருமுறையும் நின்று ஒருமுறையும் அளந்து இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். இதற்கெல்லாம் நோட்டில் இன்று இடம் இல்லை. பல அட்டைகளில் பி.பி. என்ற சொல்லுக்கு எதிரே ஒரு சிறு கட்டம்தான் இருக்கிறது. அடுத்த முறை அட்டை அச்சடிக்கும்போது அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் கைக்கும் பட்டைக்கும் நிலைக்கும் மூன்று கட்டங்கள் சேர்த்தால் போதும்.